ஓட்டை குடத்திலா, ஊற்றுகிற கையிலா?

'தரம்' என்ற சொல்லைக் கேட்டாலே நம்ம ஆட்களுக்குள் ஒரு எச்சரிக்கை மணி அடிக்கும். அடிக்கத்தான் வேண்டும். 1990இல் மண்டல் குழுப் பரிந்துரையை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்கள் கையில் இருந்ததும் இந்தச் சொல்தான். இடஒதுக்கீட்டில் ஒருத்தர் உள்ளே வந்தால் தரம் கெட்டுப்போகும் என்றார்கள். பணம் கட்டி ஒருத்தர் உள்ளே வந்தபோது அதே சொல்லை அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். இப்போது உயர்கல்வியில் இணையவழிப் பாடங்களைப் பற்றிப் பேசும் இடத்தில் அந்தச் சொல் திரும்ப வந்திருக்கிறது. பாட வடிவமைப்பின் தரத்தை உயர்த்த வேண்டும் என்கிறார்கள். உயர்த்தட்டும். யாரை மனதில் வைத்து உயர்த்தப் போகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

இது சின்ன விவகாரம் இல்லை. 2017 ஜூலையில் ஒன்றிய அரசு 'ஸ்வயம்' தளத்தைத் தொடங்கியது. 2021இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிப்படி, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை இந்தத் தளத்தின் வழியாகவே படித்து கிரெடிட் வாங்கிக்கொள்ளலாம். கிட்டத்தட்ட பாதிப் படிப்பு. வாத்தியார் வேலைக்கு ஆள் போடாமல் இழுத்தடிக்கும் நிர்வாகங்களுக்கு இது எவ்வளவு தோதான ஏற்பாடு என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே ஒரு இலக்கியப் பிரதியை வாசிப்பதுபோல இந்தப் பாடங்களையும் வாசித்தாக வேண்டும். இவை யாரைப் பார்த்துப் பேசுகின்றன? யாரைப் பாராததுபோல் பேசுகின்றன?

ஸ்வயம் பாடத்துக்கு நான்கு பகுதிகள்: வீடியோ விரிவுரை, தரவிறக்கி வாசிக்கப் பாடக்குறிப்பு, தன்னைத்தானே சோதித்துக்கொள்ளத் தேர்வு, சந்தேகம் தீர்க்க விவாத மேடை. காகிதத்தில் பார்த்தால் குறையே இல்லை. நானும் சில தோழர்களும் எங்கள் காலனியில் மாலைநேரப் படிப்பகம் ஒன்று நடத்துகிறோம். கல்லூரிப் பிள்ளைகள் பலர் இப்படிப்பட்ட பாடங்களை அங்கே உட்கார்ந்துதான் படிக்கிறார்கள். கூட உட்கார்ந்து நானும் பார்த்திருக்கிறேன். நான்கு பகுதிகளில் பணமும் உழைப்பும் கொட்டப்படுவது பெரும்பாலும் முதல் பகுதியில்தான். நல்ல வெளிச்சம், நல்ல கேமரா, கோட்டுப் போட்ட பேராசிரியர். நான்காவது பகுதியில் கேள்விகள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. ஒரு தங்கச்சி சொன்னாள்: "அக்கா, கெணத்துல கல்லப் போட்டாக்கூட 'டொப்'புனு ஒரு சத்தம் வரும். இதுல அதுவும் வரல."

தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கு இந்த இடத்தில் நன்னூல் நினைவுக்கு வராமல் போகாது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி எழுதிய இலக்கணம். அதன் பொதுப்பாயிரம் ஐந்து விஷயங்களைப் பேசுகிறது: நூல், ஆசிரியர், கற்பிக்கும் முறை, மாணவர், கற்கும் முறை. இன்றைக்குப் பாட வடிவமைப்பு என்று பெரிதாகப் பேசுவதெல்லாம் இந்த ஐந்துக்குள் அடங்கிவிடும். ஆனால் அந்தப் பாயிரத்துக்கு இரண்டு முகம் இருக்கிறது. இரண்டையும் பார்க்க வேண்டும்.

ஒரு முகம் நம்மை விரட்டுகிற முகம். மாணவர்களைத் தலை, இடை, கடை என்று தரம் பிரிக்கிறது. அன்னமும் பசுவும் தலை. மண்ணும் கிளியும் இடை. ஓட்டைக் குடம், ஆடு, எருமை, பன்னாடை எல்லாம் கடை. இதோடு நிற்காமல், யாருக்குப் பாடம் சொல்லக் கூடாது என்றும் ஒரு பட்டியல் போடுகிறது. அதில் நோயாளி இருக்கிறான், மந்தபுத்திக்காரன் இருக்கிறான், தூங்கிவிழுகிறவனும் இருக்கிறான். ஏன் தூங்குகிறான் என்று பாயிரம் கேட்கவில்லை. நூற்பாலையில் இரவு ஷிப்டு முடித்துவிட்டு வந்தவள் தூங்கத்தான் செய்வாள்.

எண்ணூறு வருசம் கழித்தும் இந்த மனசு மாறவில்லை. 2013இல் அமெரிக்காவில் சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகமும் உடாசிட்டி நிறுவனமும் சேர்ந்து கணிதம், புள்ளியியல் பாடங்களை இணையவழியில் நடத்தின. முதல் பருவத்தில் தேர்ச்சி வகுப்பறையைவிடக் குறைந்தது, திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். கோடைப் பருவத்தில் தேர்ச்சி கூடியது. அந்த முறை படித்தவர்களில் பலர் ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்கள்! முதல் பருவத் தோல்வியைப் பற்றி நிறுவனர் செபாஸ்டியன் த்ரன் பின்னால் என்ன சொன்னார் தெரியுமா? அவர்கள் கஷ்டப்பட்ட பகுதிகளிலிருந்து வந்தவர்கள், கம்ப்யூட்டர் வசதி சரியாக இல்லாதவர்கள், இந்த ஊடகம் அவர்களுக்குப் பொருந்தாது என்று சொன்னார். பாடம் அவர்களுக்குப் பொருந்தவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஓட்டைக் குடம் இங்கிலீஷ் பேசுகிறது, அவ்வளவுதான்.

நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். 2017-18இல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்றுப்படி கிராமப்புற வீடுகளில் கம்ப்யூட்டர் இருந்தது 4.4 விழுக்காட்டில். இணைய வசதி இருந்தது 14.9 விழுக்காட்டில். அதற்குப் பிறகு போன் பெருகிவிட்டது, உண்மை. ஆனால் வீட்டுக்கு ஒரு போன் என்பது ஆளுக்கு ஒரு போன் ஆகாது. அண்ணன் லோடு ஏற்றப் போகும்போது போனும் கூடவே போகிறது. ராத்திரி ஒன்பது மணிக்குத் திரும்பி வருகிறது. அதில் முப்பது நிமிட வீடியோவைத் திறந்தால் பேராசிரியர் கரும்பலகையில் எழுதுவது எறும்பு ஊர்கிறாப்போலத் தெரிகிறது. இந்தப் பெண் 'தானே பாதியில் நின்றவள்' என்று கணக்கில் போகிறாள்.

இனி நன்னூலின் மற்ற முகம். இது நமக்கு வேண்டிய முகம். ஆசிரியர் சொல்வதை ஒழுங்காகக் கேட்டுக்கொண்டாலும் மாணவருக்குக் கிடைப்பது கால் பங்குதான் என்கிறது அது. கூடப் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால் பங்கு. மீதி அரைப் பங்கு அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் வருகிறதாம். ஒரு தடவைக்கு இரண்டு தடவை, மூன்று தடவை கேட்க வேண்டும் என்றும் சொல்கிறது. இந்தத் திரும்பக் கேட்கும் வசதியை வீடியோ தருகிறது என்பதை நான் மறுக்கவில்லை. வகுப்பில் "இன்னொரு தடவ சொல்லுங்க சார்" என்று கேட்கப் பயந்து கிடந்த நம் பிள்ளைகளுக்கு அது பெரிய விடுதலைதான். ஆனாலும் அது கால் பங்குக்குள் நடக்கிற விடுதலை. முக்கால் பங்கை அப்படியே வெளியே போட்டுவிட்டு, அந்தக் கால் பங்குக்குச் சாயம் பூசி அதற்குத் தரம் என்று பெயர் வைக்கிறார்கள்.

தேர்வைப் பாருங்கள். தமிழ் இலக்கியப் பாடம் ஒன்றில் பாமாவின் 'கருக்கு' பாடமாக இருந்ததைப் பார்த்துச் சந்தோசப்பட்டேன். கேள்வி என்ன? அது வெளியான ஆண்டு எது என்று நான்கு விடை கொடுத்திருந்தார்கள். 1992 என்று தொட்டால் மதிப்பெண். அதை வாசித்த பிள்ளைக்குத் தன் தெருவைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ இருந்திருக்கும். அதைத் திருத்த ஆள் வேண்டும். ஆளுக்குச் சம்பளம் வேண்டும். மிசினுக்கு வேண்டாம். மிசின் திருத்த முடிந்ததை மட்டும் கேள்வியாக்கிக்கொண்டே போனால், நம் வாழ்க்கை பாடத்திட்டத்துக்குள் வந்தும் தேர்வுக்குள் வராது.

இணையத்தில் சாதி கிடையாது, முகமே தெரியாதே என்று சிலர் சொல்கிறார்கள். 2021 ஏப்ரலில் காரக்பூர் ஐஐடியின் ஆயத்தப் படிப்பில், பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான இணையவழி ஆங்கில வகுப்பிலேயே பேராசிரியர் ஒருவர் அவர்களைக் கேவலமாகத் திட்டிய வீடியோ வெளியே வந்தது. கண்டனம் எழுந்த பிறகு பணியிடை நீக்கம் செய்தார்கள். வீடியோ வெளியே வராத வகுப்புகளை யார் கேட்பது? புகார் சொல்ல ஒரு வழியும் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரு ஆளும் பாட வடிவமைப்பிலேயே இருக்க வேண்டும்.

வேறு விதமாகச் செய்ய முடியாதா? முடியும். இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971இல், முன்தகுதி எதுவும் கேட்காமல் பாடம் நடத்தத் தொடங்கியது. அப்போது அதனிடம் இருந்தது தபாலும் வானொலியும் தொலைக்காட்சியும்தான். ஆனால் மாணவர் எழுதி அனுப்பிய ஒப்படைப்பை ஒரு மனிதர் வாசித்து, ஓரத்தில் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பினார். நம் நாட்டு என்பிடெல்லிலும் ஒரு நல்ல வழக்கம் உண்டு. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 ஒப்படைப்புகளை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். அறுவடை வேலையில் நாலு வாரம் போனாலும் பிள்ளை மூழ்கிப்போவதில்லை. இதற்குக் கேமரா செலவு எதுவும் கிடையாது. மாணவருக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று ஒத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. பாடம் முதலில் எழுத்திலும் ஒலியிலும் வரட்டும், சின்னப் போனில் திறக்கிற மாதிரி. வீடியோ அதற்கு அப்புறம். கேட்ட கேள்விக்கு இரண்டு நாளில், கேட்டவர் பேசுகிற தமிழில் பதில் வர வேண்டும். அதற்கு எம்.ஏ., பி.எட். முடித்துவிட்டு வேலையில்லாமல் திரியும் நம் பிள்ளைகளைச் சம்பளத்துக்கு வையுங்கள். ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் காலனிப் படிப்பகங்களிலும் கூடிப் படிக்க இடமும் கருவியும் கொடுங்கள். அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கு மதிப்பெண் கொடுங்கள். ஒவ்வொரு பாடத்திலும் யார், எந்த வாரத்தில், எந்த இடத்தில் நின்றுபோனார்கள் என்பதைச் சாதிவாரியாக, பாலினவாரியாக வெளியிடுங்கள்.

அந்தக் கணக்கு வெளியே வரட்டும். ஓட்டை குடத்தில் இருக்கிறதா, ஊற்றுகிற கையில் இருக்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும். அதுவரைக்கும் தரம் என்று யார் பேசினாலும், யாருடைய தரம் என்று திருப்பிக் கேட்டுக்கொண்டே இருப்போம்.