கீரமங்கலத்துச் சரமும் குன்றல் பகுப்பும்

குன்றல் பகுப்பு என்ற பெயருக்குள்ளேயே ஓர் உவமை இருக்கிறது. 1905-இல் ஃபார்மரும் மூரும் 'குறைதல்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் இதற்கு மியாசிஸ் என்று பெயர் வைத்தார்கள். தமிழில் அது குன்றல் ஆயிற்று. இனச்செல் உருவாகும்போது குரோமோசோம்களின் எண்ணிக்கை பாதியாகிறது என்பதை அந்தச் சொல் சரியாகவே சொல்கிறது. எந்தப் பாதி என்பதைச் சொல்வதில்லை. மனிதரின் 46-இல் கைக்குக் கிடைத்த 23 அல்ல. 23 ஜோடியில் ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்று. பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான்.

தெரிந்ததைக் காட்டித் தெரியாததைச் சொல்லும் முறையை நான் குறைத்து மதிக்கவில்லை. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் எழுதப் படிக்கப் பழகிய புதுக்கோட்டைப் பெண்கள் கூடவே சைக்கிளும் ஓட்டப் பழகினார்கள். கைக்குப் பிடிபடும் பொருளோடு வரும் படிப்பு நிலைக்கும் என்பதை இந்த மாவட்டம் கண்டிருக்கிறது. எந்தப் பொருள் என்பதுதான் கேள்வி.

சட்டென்று நாவில் வருவது பாகப்பிரிவினை. அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அண்ணனுக்கு நஞ்சை போனால் தம்பிக்குப் புஞ்சை. செல்லில் யாருக்கும் அப்படி விடுபடுவதில்லை. ஒவ்வோர் இனச்செல்லுக்கும் நஞ்சை, புஞ்சை, கிணறு எல்லாம் ஒவ்வொன்று கிடைக்கும். போதாததற்கு, முதலில் சொத்து முழுவதும் இரட்டிப்பாகி, பிறகு இரண்டு தடவை பங்கு நடக்கிறது. நிலத்தை வைத்து இதைச் சொல்ல வழியில்லை. இந்த உவமையைக் கைவிடலாம் என்பேன்.

சீட்டுக்கட்டு தேவலை, ஒரு திருத்தத்தோடு. ஒரே கட்டைக் கலைத்து இரண்டாக வெட்டினால் பழைய பிழைதான். அம்மாவுக்குச் சிவப்பு முதுகு, அப்பாவுக்கு நீல முதுகு என்று இரண்டு கட்டிலிருந்தும் ஒரே 23 சீட்டுகளை எடுத்து, ஜோடி ஜோடியாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஜோடிக்கு ஒன்றாக எடுத்தால் எதுவும் விடுபடாது, எதுவும் இருமுறை வராது. 83,88,608 விதமாக எடுக்கலாம். அக்காளும் தம்பியும் ஏன் ஒரே அச்சில் இல்லை என்பதற்கு நேரான விடை இது. ஆனால் சீட்டு கிழியாமல் முழுதாகவே கைமாறும். குரோமோசோம் அப்படி அல்ல; ஜோடிக்குள் துண்டுகள் இடம் மாறும்.

அங்கே எனக்கு இதே மாவட்டத்துக் கீரமங்கலத்துப் பூ வியாபாரம் நினைவுக்கு வருகிறது. ஒரே நீளத்தில் ஒரு மல்லிகைச் சரம், ஒரு கனகாம்பரச் சரம். இரண்டையும் பக்கத்தில் நீட்டி, ஒரே இடத்தில் அறுத்து, மாற்றி முடிந்தால் நீளம் அதேதான்; பூ ஒன்றுகூடக் குறையாது; ஆனாலும் இரண்டும் புதுச் சரம். குறுக்கே கலத்தல் எனப்படும் இந்தத் துண்டு மாற்றத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பொருளை நான் பார்த்ததில்லை. செல்லில் சரம் இரண்டல்ல, இரட்டித்து நான்காக நிற்கிறது என்ற குறையை இன்னும் இரண்டு சரம் வைத்துச் சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாத குறை முடிச்சில் இருக்கிறது. பூச்சரத்தில் முடிச்சு வெளியே தெரியாமல் இருந்தால் போதும். செல்லிலோ, கலந்த இடத்தில் விழும் கையாஸ்மா என்ற பிணைப்புதான் ஜோடியை, எதிரெதிர்ப் பக்கம் இழுபடும்வரை சேர்த்துப் பிடித்திருக்கிறது. அந்தப் பிடி அமையாவிட்டால் இரண்டுமே ஒரே பக்கம் போய்விடக்கூடும். டவுன் சிண்ட்ரோமில் 21-ஆம் குரோமோசோம் மூன்றாக இருப்பதற்குப் பெரும்பாலும் இத்தகைய பிரியாமைதான் காரணம். கலப்பது வகை பெருக்குவதற்கு மட்டுமே என்று சரம் நம்பவைத்துவிடுகிறது. ஒழுங்காகப் பிரிவதற்கே கலந்தாக வேண்டும் என்பதை ஆசிரியர் தனியாகத்தான் சொல்ல வேண்டும்.

உவமை தீர்ந்ததும் வயலுக்குப் போகலாம். ஆலங்குடிப் பக்கம் வம்பனில் தேசிய பயறு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வம்பன் 8 உளுந்து அங்கிருந்து வந்ததுதான். உளுந்துக்கு 11 ஜோடி குரோமோசோம். சீட்டுக் கணக்கில் 2,048 விதம். அப்படியென்றால் ஒரு ரகத்தை விதைத்த வயலில் செடியெல்லாம் ஏன் ஒன்றுபோல நிற்கின்றன? இதைக் கேட்டுவிட்டு ஆசிரியர் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கட்டும். உளுந்து தன் மகரந்தத்திலேயே காய்ப்பது. தலைமுறை தலைமுறையாக அப்படிக் காய்த்த செடியில் ஜோடியின் இரண்டு சரமும் மல்லிகைதான். அறுத்து மாற்றி முடிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. வேறொரு ரகத்தின் மகரந்தத்தை ஒருவர் கையால் தொட்டு வைத்த பிறகு, அந்தக் கலப்புச் செடியின் பிள்ளைகளில்தான் மஞ்சள் தேமல் நோயைத் தாங்குவதும் தாங்காததும் பிரிந்து வெளியே வரும்.