டியூப் நாடா

வேட்டை வில்லை மலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போகிறவர்கள் அமெரிக்காவில் உண்டு. நமக்கு வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு போயிற்று. வில்லுக்குப் பதில் கரும்பு.

அடி அண்ணாமலையில், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையோரம், பொங்கலுக்கு முந்தின நாள் நின்று பாருங்கள். ஆளுயரத்தைத் தாண்டிய கரும்பு, பழைய டியூபை வெட்டிய நாடாவால் சைக்கிள் பாரோடு ஒட்டிக் கிடக்கும். கயிறு குலுங்கக் குலுங்கத் தளரும். ரப்பர் விட்டுக்கொடுத்துப் பிடிக்கும். ஹேண்டில்பாரோடு சேர்த்து ஒரு சுற்றுப் போட்டால் வண்டி திரும்பாது, அது கட்டுகிறவருக்குத் தெரியும். முழங்கால் இடிக்கக் கூடாது, தோகை சக்கரக் கம்பியில் சிக்கக் கூடாது. வில்லுக்கும் இதே கணக்குதான். கடையில் விற்கிற எந்தக் கொக்கிப் பட்டையும் இந்த நாடாவுக்கு ஈடில்லை.

பௌர்ணமியன்று மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். பாதை முழுக்க வெறுங்கால்கள்.