போகிறவருக்கு எதற்கு விருந்து?

வெளிநாட்டிலிருந்து தன்னார்வலராக இங்கே வந்து தங்கியவர்கள் ஊர் திரும்பியபின் எழுதும் நினைவுக் குறிப்புகளைச் சில வருடங்களாகத் தேடித் தேடி வாசிக்கிறேன். கென்னடி 1961-இல் தொடங்கிய பீஸ் கோர் 1976 வரை இந்தியாவில் இருந்தது. நாலாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள், பெரும்பாலும் இரண்டு வருடம் தங்கினார்கள். அவர்கள் எழுதியதிலும் சரி, பின்னால் வந்தவர்கள் எழுதியதிலும் சரி, கடைசி நாள் சாப்பாடு அடிக்கடி வரும். வாழையிலை, பாயசம், உட்காராமல் நின்றபடியே பரிமாறும் வீட்டம்மா, கண்ணீர். கூடவே "நானும் அந்தக் குடும்பத்தில் ஒருத்தி ஆகிவிட்டேன்" என்கிற மாதிரி ஒரு வரி.

எனக்கு அந்த வரிதான் இடிக்கிறது.

விருந்து என்றால் புதுசு. தொல்காப்பியம் செய்யுளைப் பற்றிப் பேசும்போதுகூட அந்தச் சொல்லைப் புதிதாகச் செய்வதற்குத்தான் வைத்திருக்கிறது. விருந்தும் மருந்தும் மூணு நாள்னு நம்ம ஊர்ல சொல்றதும் அதனால்தான். அப்படியென்றால் ரெண்டு வருஷம் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டவருக்குக் கடைசி நாளில் எதற்கு விருந்து? வீட்டுப் பிள்ளை வெளியூர் கிளம்பினால் புளியோதரை கட்டிக் கொடுப்போம், தலைவாழை இலை விரிக்க மாட்டோம். இலை விரித்தால் அவரை மறுபடி விருந்தாளி ஆக்குகிறோம் என்று அர்த்தம். விருந்தாளியைத்தானே வழியனுப்ப முடியும்? குடும்பத்தில் சேர்த்த சடங்காக அவர்கள் எழுதுவது, என் வாசிப்பில், குடும்பத்திலிருந்து மெதுவாக விடுவிக்கும் சடங்கு.

இது எனக்குச் சொந்த விஷயமும்கூட. பசுமலையில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு வெளிநாட்டுப் பெண் பதினோரு மாதம் தங்கிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார். ஊருக்குப் போய் ஒரு கட்டுரை எழுதி எனக்கு அனுப்பினார். நல்ல மொழி. ஆனால் அம்மா அதில் 'புன்னகைக்கும் பெண்மணி'யாக மட்டும் வருகிறார். கடைசி நாள் வடை இருக்கிறது. தினமும் காலையில் அம்மாவோடு சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடித்த நீராகாரம் இல்லை. அம்மாவிடம் வாங்கிய திட்டுகளும் இல்லை. பதினோரு மாதத்தை ஒரு இலைக்குள் மடித்துவிட்டார்.

லில்லியன் கார்ட்டர் (ஜிம்மி கார்ட்டரின் அம்மா) 68 வயதில் பீஸ் கோரில் சேர்ந்து பம்பாய் பக்கம் விக்ரோலியில் வேலை பார்த்தவர். அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் 1977-இல் புத்தகமாக வந்தன. கடிதத்தில் ஒரு வசதி உண்டு. எழுதும்போது முடிவு தெரியாது, அதனால் எல்லாவற்றையும் கடைசிச் சாப்பாட்டை நோக்கி ஓட்ட முடியாது.

பொருநராற்றுப்படையையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம். அதுவும் விருந்தாளி சொல்லும் கதைதான். கரிகாலன் வீட்டில் இரவும் பகலும் கறி தின்று, உழுது தேய்ந்த கொழு மாதிரிப் பல் மழுங்கிப்போச்சு, ஊருக்குப் போகிறேன் என்கிறான் பொருநன். அரசனுக்கு அதற்குள் போவதா என்று கோபம். வழியனுப்பும்போது ஏழு அடி பின்னாலேயே நடந்து வருவான், குதிரை ஓட்டும் கோலின் முள்ளைக் கழற்றிவிடுவான் என்றும் வருகிறது. வண்டி சீக்கிரம் போய்விடக் கூடாதே என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். இத்தனைக்கும் பொருநன் 'நான் அவன் குடும்பமாகிவிட்டேன்' என்று எங்கும் சொல்வதில்லை. எதிரே வரும் இன்னொரு பொருநனிடம், நீயும் போ, உனக்கும் கிடைக்கும் என்கிறான். கதையே அதற்குத்தான். நம் தன்னார்வலர்களின் குறிப்புகளில் அந்த அடுத்த ஆள் கிடையாது. கடைசி இலையோடு வீட்டுக் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.

கட்டுரையை அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். வடையைப் பற்றி எழுதியிருந்ததில் சந்தோஷம்தான்.

"அந்தப் புள்ள நல்லா இருக்கட்டும்" என்றார். அப்புறம், "ஏப்பா, மாடி ரூம கழுவி விட்ருக்கேன். அடுத்து யாரும் வர்றாங்களாமா?"