ரமணரின் கடைசிப் படங்கள்: புகைப்படமும் பின்கதையும்

1950 ஏப்ரலில் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸோன் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியைப் படமெடுத்தார். ரமணர் உயிருடன் இருந்தபோது எடுக்கப்பட்ட கடைசிப் படங்களாக இவை அறியப்படுகின்றன. ஒரு புகைப்படத்தின் பின்னால் உள்ள கதை, பார்ப்பவரின் பார்வையை எவ்வாறு மாற்றுகிறது என்பதற்கு இப்படங்கள் தெளிவான சான்று. படத்தில் உண்மையில் இருப்பது எது, கதையிலிருந்து படத்தின்மேல் ஏறுவது எது என்னும் வேறுபாட்டை இவற்றைக்கொண்டு விளக்க முடியும்.

பின்னணி

ரமணர் 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்தார். இயற்பெயர் வேங்கடராமன். 16 வயதில் மதுரையில் இருந்த வீட்டைவிட்டு வெளியேறி 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையை அடைந்தார். அதன்பின் வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருந்தார். 1948 இறுதியில் அவருடைய இடக்கையில் கட்டி ஒன்று தோன்றியது. அது புற்றுநோய் என்று கண்டறியப்பட்டது. 1949 பிப்ரவரி முதல் டிசம்பர் வரை நான்கு முறை அறுவை சிகிச்சை நடந்தும் நோய் குணமாகவில்லை. 1950 ஏப்ரல் 14 அன்று இரவு 8.47 மணிக்கு, ஆசிரமத்தின் சிறிய அறை ஒன்றில் ரமணர் மறைந்தார்.

பிரெஸ்ஸோன் 1908-ல் பிறந்தவர். 1947-ல் மேக்னம் புகைப்பட நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவ்வாண்டின் இறுதியில் இந்தியாவுக்கு வந்தார். 1950-ல் ரமணரின் இறுதி நாட்களில் ஆசிரமத்துக்கு அருகே தங்கியிருந்து அவரையும், தரிசனத்துக்கு வந்த மக்களையும், மறைவுக்குப் பின் நடந்தவற்றையும் படமெடுத்தார்.

எடுக்கப்படாத படம்

பிரெஸ்ஸோனின் திருவண்ணாமலை நாட்களைப் பற்றி அதிகம் பேசப்படுவது அவர் எடுத்த படம் எதுவும் அல்ல. ஏப்ரல் 14 இரவு அவர் தங்கியிருந்த வீட்டின் முன் நின்றபோது, நீண்ட ஒளிவாலுடன் ஓர் எரிநட்சத்திரம் தெற்கிலிருந்து மெல்ல நகர்ந்து அருணாசல மலைக்குப் பின்னால் மறைந்ததைக் கண்டார். உடனே கடிகாரத்தைப் பார்த்தபோது மணி 8.47. ஆசிரமத்துக்கு விரைந்து சென்றபோது ரமணர் அதே நேரத்தில் மறைந்துவிட்டதை அறிந்தார். இதை அவரே பிற்காலத்தில் பதிவு செய்திருக்கிறார். அந்த ஒளியைக் கண்டதாக வேறு பலரும் கூறியுள்ளனர்.

அந்த எரிநட்சத்திரத்தைக் காட்டும் பிரெஸ்ஸோனின் படம் இல்லை. சரியான நொடியில் கேமராவை இயக்குவதே புகைப்படக் கலை என்னும் கருத்துடன் பெயர் இணைந்துபோன கலைஞர் அவர். 1952-ல் வெளிவந்த அவருடைய புகைப்பட நூலின் ஆங்கிலப் பதிப்புக்கு 'தீர்மானிக்கும் கணம்' என்று பொருள்படும் தலைப்பே சூட்டப்பட்டது. அப்படிப்பட்டவரின் கேமராவில் பதியாத ஒரு நிகழ்வு, அவர் பதிவு செய்த படங்களைப் பார்க்கும் விதத்தைத் தீர்மானிக்கிறது. கதையை அறிந்த வாசகர் படுக்கையில் தளர்ந்திருக்கும் முதியவரின் படத்தைப் பார்க்கும்போதே வானத்தின் ஒளியையும் நினைத்துக்கொள்கிறார். அந்த ஒளி படத்தின் சட்டகத்துக்குள் எங்கும் இல்லை.

'கடைசி' என்னும் சொல்

ஒரு படத்துக்குக் 'கடைசி' என்னும் அடைமொழி சேர்ந்ததும் என்ன நிகழ்கிறது என்பதை ஆங்கில விமர்சகர் ஜான் பெர்ஜர் 1972-ல் வெளிவந்த தன் 'பார்க்கும் முறைகள்' நூலில் எளிய பயிற்சி ஒன்றின் மூலம் காட்டினார். வான்கோ வரைந்த, கோதுமை வயலின்மேல் காக்கைகள் பறக்கும் ஓவியம் முதலில் வருகிறது. வாசகர் அதைச் சற்றுநேரம் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறார். அங்கே அதே ஓவியத்தின் கீழ், வான்கோ தற்கொலை செய்துகொள்வதற்கு முன் வரைந்த கடைசி ஓவியம் இது என்ற குறிப்பு உள்ளது. ஓவியத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. ஆனால் வயல் இருண்டு தெரிகிறது, காக்கைகள் சாவின் அறிகுறியாகத் தெரிகின்றன.

இதற்கு ஒரு தொடர்ச்சியும் உண்டு. வான்கோவின் கடைசி ஓவியம் அது அல்ல, மரவேர்களைக் காட்டும் மற்றொரு ஓவியமே என்று இன்றைய ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஆகவே பெர்ஜரின் நூலில் வாசகர் கண்ட இருளுக்குப் பிழையான ஒரு தகவல் காரணமாக இருந்திருக்கிறது. மெய்யான கதை பார்வையை எந்த அளவுக்கு மாற்றுமோ அதே அளவுக்குப் பிழையான கதையும் மாற்றும். கதையின் ஆற்றல் அதன் உண்மைக்குச் சான்று ஆகாது.

பிரெஸ்ஸோனின் வாழ்விலேயே இதற்கு முன்னும் ஒரு 'கடைசி' உண்டு. 1948 ஜனவரி 30 அன்று, காந்தி சுட்டுக்கொல்லப்பட்ட நாளில், அதற்குச் சற்று முன்பு டெல்லி பிர்லா மாளிகையில் அவர் காந்தியைச் சந்தித்தார். காந்தியின் இறுதி நாட்களில் எடுத்த படங்களை இன்று பார்ப்பவர்களால் நெருங்கிவிட்ட சாவை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. படமெடுத்தபோது அது காந்திக்கும் தெரியாது, பிரெஸ்ஸோனுக்கும் தெரியாது. பார்ப்பவருக்கு மட்டுமே தெரியும்.

ரமணரின் படங்கள் இதில் வேறுபடுகின்றன. இங்கே முடிவு நெருங்கிவிட்டதை எல்லோரும் அறிந்திருந்தனர். இப்படங்களின் சோகம் பின்னால் வந்து சேர்ந்தது மட்டும் அல்ல. ஆனால் அந்தச் சோகம் யாருடையது என்ற கேள்வி எஞ்சுகிறது. படத்தில் இருக்கும் ரமணருடையதா, சுற்றியிருந்த அடியார்களுடையதா, கதையை அறிந்து பார்க்கும் நம்முடையதா?

முகம் ஒன்று, கதைகள் பல

ரமணர் தன் காலத்தில் மிகுதியாகப் படமெடுக்கப்பட்ட இந்தியத் துறவிகளில் ஒருவர். ஒவ்வொரு காலகட்டத்துப் படத்துக்கும் ஒரு கதை உடன்வருகிறது.

1900-களின் தொடக்கத்தைச் சேர்ந்த படத்தில் கோவணம் மட்டும் அணிந்த இளைஞர் அமர்ந்திருக்கிறார். அருணாசலேஸ்வரர் கோயிலின் பாதாள லிங்கக் குகையில் பூச்சிகள் கடித்துத் தொடைகள் புண்ணானதும் அறியாமல் இருந்தவர் என்ற கதையை அறிந்தவர், படத்தில் அந்தத் தழும்புகளைத் தேடுகிறார். கதையை அறியாதவர் மெலிந்த ஓர் இளைஞரை மட்டும் காண்கிறார்.

சென்னையைச் சேர்ந்த மருத்துவர் டி.என். கிருஷ்ணசாமி எடுத்த படங்கள் வேறு வகையானவை. அவர் ரமணரின் அடியார். ஆசிரமத்துக்கு வரும்போதெல்லாம் கேமராவுடன் வந்து, மலைமேலும் ஆசிரமத்திலும் ரமணரைப் பலமுறை படமெடுத்தார். எடுத்தவர் அடியார் என்று அறிந்தபின், அப்படங்களில் உள்ள நெருக்கத்தின் காரணம் விளங்குகிறது. 1949 மே மாதம் அமெரிக்காவின் 'லைஃப்' இதழில் வெளியான கட்டுரைக்கு எலியட் எலிசோஃபோன் எடுத்த படங்களில் அந்த உறவு இல்லை. அவை தொலைதூர வாசகருக்கு ஓர் இந்தியச் சாமியாரை அறிமுகம் செய்யும் நோக்கம் கொண்டவை.

இவற்றுள் மிகப் பரவலானது பெங்களூரைச் சேர்ந்த ஜி.ஜி. வெல்லிங் 1946-ல் எடுத்த மார்பளவுப் படம். நரைத்த தாடியும் குறுகத் தரித்த முடியுமாக, பார்ப்பவரை நேராக நோக்கும் முகம். இதன் பின்கதையை அறிந்தவர்கள் குறைவு. எடுத்தவரின் பெயரும் பலருக்குத் தெரியாது. ஆயினும் அதிகம் பேரைச் சென்றடைந்தது இதுதான். கதையின் துணை இல்லாமலும் ஒரு படம் நிற்க முடியும் என்பதற்கு இது சான்று.

மாலை அணிந்த படங்கள்

திருவண்ணாமலையிலும், திண்டிவனம் செல்லும் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூர் போன்ற சுற்றுவட்டார ஊர்களிலும் ரமணரின் படத்தைக் கடைச்சுவர்களிலும் வீட்டுப் பூஜை அலமாரிகளிலும் காணலாம். சட்டத்துக்கு மாலை, கண்ணாடியின்மேல் சந்தனமும் குங்குமமும். அதே வீட்டின் கூடத்தில் தாத்தாவின் ஸ்டூடியோ படத்துக்கும் மாலையும் பொட்டும் இருக்கும்.

இரண்டு மாலைகளும் ஒன்றல்ல. ஒன்று வழிபாடு, மற்றது நினைவு. தமிழ்ச் சூழலில் வளர்ந்த குழந்தைக்கு இந்த வேறுபாட்டை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. படத்தில் இருப்பவர் இறந்துவிட்டார் என்னும் கதையைத் தமிழர்கள் சொற்களில் எழுதுவதில்லை, கண்ணாடியின்மேல் வைக்கிறார்கள்.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோலண்ட் பார்த் 1980-ல் வெளியிட்ட 'ஒளியறை' நூலில் தன் தாய் ஐந்து வயதில் எடுத்துக்கொண்ட படத்தைப் பற்றி விரிவாக எழுதினார். ஆனால் அந்தப் படத்தை நூலில் அச்சிடவில்லை. மற்றவர்களுக்கு அது இன்னொரு பழைய படமாகவே இருக்கும் என்பது அவர் கூறிய காரணம். கூடத்தில் தொங்கும் தாத்தா படத்துக்கும் இது பொருந்தும். அவர் யார், எந்த ஊர்க்காரர், எந்தச் சந்தர்ப்பத்தில் படமெடுத்துக்கொண்டார் என்று சொல்லப் பாட்டி இருக்கும்வரை அது ஒரு மனிதரின் படம். சொல்பவர் மறைந்து, படத்தின் பின்புறத்தில் பெயரும் எழுதப்படாமல் இருந்தால், அடுத்த தலைமுறைக்கு அது தலைப்பாகை கட்டிய யாரோ ஒருவரின் படம். பின்கதை படத்துக்குக் கூடுதல் அலங்காரம் மட்டும் அல்ல. பெரும்பாலான குடும்பப் படங்களுக்கு அதுவே உயிர்.

யாருடைய கதை

புகைப்படத்தின் பின்கதையைப் பெரும்பாலும் சொல்பவர் எடுத்தவர்தான், எடுக்கப்பட்டவர் அல்ல. இதன் விளைவை அமெரிக்கக் கலைஞர் டோரதியா லாங் 1936-ல் கலிஃபோர்னியாவில் எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்' படத்தில் காணலாம். பொருளாதாரப் பெருமந்தத்தின் அடையாளமாக அப்படம் உலகெங்கும் அறியப்பட்டது. லாங் அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை. அக்குடும்பம் உணவுக்காகக் காரின் டயர்களை விற்றுவிட்டதாகப் பின்னாளில் எழுதினார். 1970-களின் இறுதியில்தான் அவர் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது பொதுவெளியில் தெரிந்தது. அவர் செரோகீ பழங்குடியைச் சேர்ந்தவர். டயர்களை விற்றது உண்மையல்ல என்று குடும்பத்தினர் மறுத்தனர். அந்தப் படம் எடுக்கப்பட்டதில் தாம்சனுக்கு வருத்தமே இருந்தது. 40 ஆண்டுகளாகப் பார்த்தவர்கள் அனைவரும் இரக்கத்துடன்தான் பார்த்தனர். அவர்கள் இரங்கியது வேறொருவர் சொன்ன கதைக்கு.

பிரெஸ்ஸோனின் திருவண்ணாமலைப் படங்களிலும் இத்தகைய மௌனம் உண்டு. ரமணருக்குப் பெயரும் வரலாறும் இருக்கின்றன. எடுத்தவருக்கும் இருக்கின்றன. தரிசனத்துக்கும் பின்னர் துக்கத்துக்கும் வந்து நிற்கும் உள்ளூர் மக்களுக்குப் பெயர் இல்லை. அவர்களில் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து நடந்தோ வண்டியிலோ வந்தவர்களும் இருந்திருக்கக்கூடும். எரிநட்சத்திரத்தைப் பற்றிய பிரெஸ்ஸோனின் சாட்சியம் உலகம் முழுவதும் படிக்கப்படுகிறது. அதே வானத்தின்கீழ் நின்ற அவர்கள் என்ன கண்டார்கள் என்பது படக்குறிப்பில் இடம்பெறுவதில்லை.

மதிப்பீடு

ரமணரின் கடைசிப் படங்களைச் சாவின் படங்களாக மட்டும் காண்பதில் ஒரு முரண்பாடு உள்ளது. 'நான் யார்?' என்னும் நூல் கூறும் அடிப்படைக் கருத்து, உடல் 'நான்' அல்ல என்பதே. இறுதி நாட்களில் வருந்திய அடியார்களிடம், தான் எங்கும் போகப்போவதில்லை, இங்கேயே இருப்பதாக அவர் கூறியதாகப் பதிவுகள் உண்டு. படமோ உடலை மட்டுமே காட்ட முடியும். நோயின் கதையை அறிந்த பார்வையாளர் அந்தக் கண்களில் வலியைத் தேடுகிறார். எரிநட்சத்திரத்தின் கதையை அறிந்தவர் அற்புதத்தைத் தேடுகிறார். 'நான் யார்?' நூலைப் படித்தவர் வலியின்மையைத் தேடுகிறார். மூவரும் தேடியதைக் கண்டடைகிறார்கள், ஏனெனில் படம் மூன்றையும் மறுப்பதில்லை.

இதனால் பின்கதையை ஒதுக்கிவிட வேண்டும் என்று ஆகாது. கதை இல்லாவிட்டால் படுக்கையில் இருப்பவர் யார் என்றே தெரியாது, சுவரில் தொங்கும் தாத்தாவும் தொலைந்துபோவார். செய்யக்கூடியது, பெர்ஜரின் பயிற்சியைப்போல இருமுறை பார்ப்பது. குறிப்பைப் படிக்கும்முன் ஒருமுறை பார்த்து, படத்தில் உள்ளவற்றை மட்டும் மனத்தில் குறித்துக்கொள்ளலாம். படித்தபின் மறுமுறை பார்த்து, புதிதாகத் தெரிவது படத்திலிருந்து வந்ததா கதையிலிருந்து வந்ததா என்று கேட்கலாம். கதையைச் சொன்னவர் யார், சொல்ல வாய்ப்புக் கிடைக்காதவர் யார் என்பது அதற்கடுத்த கேள்வி. வீட்டுப் படங்களைப் பொறுத்தவரை செய்யவேண்டியது இன்னும் எளிது. சொல்லத் தெரிந்தவர் இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்புறத்தில் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதி வைப்பது.