எல்லாம் அடக்கம்

சொகுசுக் கப்பல் கம்பெனிகள் அச்சடிக்கிற விளம்பரப் புத்தகம் எப்போதாவது கையில் கிடைத்தால் புரட்டிப் பாருங்கள். போகப்போவதில்லை என்றாலும் பரவாயில்லை. வழவழ தாள், நீலக் கடல், வெள்ளைக் கப்பல், தலை நரைத்த ஒரு தம்பதி, கையில் ஆளுக்கொரு கிளாஸ். கிளாஸ் இல்லாத பக்கத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். படத்துக்குக் கீழே ஒரு வரி இருக்கும். ஷாம்பெய்ன், ஒயின், விஸ்கி, டிப்ஸ் எல்லாமே கட்டணத்தில் அடக்கம்.

அடக்கம்! இந்த ஒரு சொல்லுக்குத் தமிழில்தான் எத்தனை வேலை. பணிவும் அடக்கம், புதைப்பதும் அடக்கம். கப்பல்காரர்கள் சொல்வது இரண்டாவது வகை என்பது என் கட்சி. விலையை எங்கேயோ புதைத்து வைத்திருக்கிறார்கள். தோண்டிப் பார்க்கலாம், வாங்க.

கடலில் சும்மா சரக்கு ஊற்றிக் கொடுப்பது புது விஷயமில்லை. பாய்மரக் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை மாலுமிக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் பீர் படி உண்டு. பீப்பாய்த் தண்ணீர் சீக்கிரம் பாசி பிடித்து நாறிவிடும், பீர் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அப்புறம் ரம் வந்தது. மாலுமிகள் நிதானமில்லாமல் கிடப்பதைப் பார்த்துவிட்டு, 1740-ல் அட்மிரல் எட்வர்ட் வெர்னான் ரம்மில் தண்ணீர் கலந்துதான் கொடுக்கணும் என்று உத்தரவு போட்டார். அவருடைய பட்டப்பெயர் 'ஓல்ட் க்ராக்'. கலந்த சரக்குக்கும் 'க்ராக்' என்றே பேர் நிலைத்துவிட்டது. இந்தத் தினப்படி ரம் 1970 ஜூலை 31-ம் தேதிதான் நின்றது.

பயணிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. டைட்டானிக்கின் முதல் வகுப்பிலேயே சாப்பாடு டிக்கெட்டில் சேர்த்தி, ஒயினுக்குத் தனிக் கணக்கு. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தபோது, வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பலில் ஏறி எல்லையைத் தாண்டினால் போதும், பார் திறந்துவிடும். எந்த ஊருக்கும் போகாமல் கடலில் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்புகிற பயணங்கள்கூட நடந்தன. அங்கேயும் கிளாஸுக்குக் காசு.

இன்றைக்கும் பெரிய கப்பல்களின் பிழைப்பு அந்தக் கிளாஸில்தான் பாதி. கார்னிவல், ராயல் கரீபியன், நார்வீஜியன் ஆகிய மூன்று கம்பெனிகளின் ஆண்டறிக்கையைப் பார்த்தால் டிக்கெட் வருமானம் ஒரு வரி, கப்பலுக்குள் நடக்கும் வியாபாரம் இன்னொரு வரி என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். (பி.காம். படித்தவனுக்கு நாவலைவிட ஆண்டறிக்கை சுவாரஸ்யம், என்ன செய்வது?) கொரோனாவுக்கு முந்தைய 2019 கணக்கில் நூறு ரூபாய் வரவில் கிட்டத்தட்ட முப்பது ரூபாய் இந்த இரண்டாவது வரியில் வந்திருக்கிறது. பார், சூதாட்டக்கூடம், மசாஜ், ஊர் சுற்றிக்காட்டுவது எல்லாம் சேர்த்து. டிக்கெட் மலிவாக இருப்பதன் ரகசியம் இதுதான். ஆளை உள்ளே ஏற்றிவிட்டால் மிச்சத்தை தாகம் பார்த்துக்கொள்ளும்.

பயணிகள் மட்டும் சளைத்தவர்களா? வாய் கொப்பளிக்கும் மருந்து பாட்டிலைக் காலி செய்து, வோட்காவை ஊற்றி, பச்சைச் சாயம் கலந்து பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோகிற கலை அமெரிக்காவில் தனியாகவே வளர்ந்திருக்கிறது. எக்ஸ்-ரே மெஷினும் கூடவே வளர்ந்தது.

இந்தக் கண்ணாமூச்சிக்கு முடிவு கட்டத்தான் 'பேக்கேஜ்' வந்தது. நாளொன்றுக்கு இவ்வளவு டாலர் கட்டிவிடு, வேண்டியதைக் குடி. கார்னிவலில் இதற்கு வரம்பு, 24 மணி நேரத்தில் 15 கிளாஸ். பதினைந்து! இது கட்டுப்பாடாம். நார்வீஜியனில் பல வருஷமாக 'ஃப்ரீ அட் சீ' என்ற பெயரில் இலவச பேக்கேஜ் கொடுத்தார்கள். இலவசம்தான், ஆனால் அந்தப் பேக்கேஜின் விலையைக் கணக்கிட்டு அதில் 20 சதவீதம் பரிமாறும் கட்டணம் மட்டும் கட்டிவிட வேண்டும். கல்யாணத்தில் பந்தி இலவசம், இலை போட்டவருக்கு மட்டும் சாப்பாட்டு விலையில் ஐந்தில் ஒரு பங்கு என்று சொல்கிற மாதிரி.

ஒரு கணக்குப் போடுவோம். பேக்கேஜ் நாளுக்கு 80 டாலர், ஒரு காக்டெய்ல் 13 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு நாளுக்கு 560 டாலர். போட்ட காசை எடுக்க எத்தனை கிளாஸ்? 43 கிளாஸ் குடித்து முடித்தாலும் 559-தான் ஆகிறது, இன்னும் ஒரு டாலர் பாக்கி! நடுவில் கப்பலைவிட்டு இறங்கி ஊர் பார்க்கிற நாட்களும் இதில் அடக்கம். 'காசு கட்டியாச்சே' என்கிற நமைச்சலைப் பற்றி 1985-ல் ஆர்க்ஸ், ப்ளூமர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். ஒரு நாடக சீஸன் டிக்கெட்டைச் சிலருக்கு முழு விலைக்கும் சிலருக்குத் தள்ளுபடியிலும் கொடுத்துப் பார்த்தார்கள். நாடகம் ஒன்றுதான். ஆனால் முழு விலை கொடுத்தவர்கள்தான் சீஸனின் முதல் பாதியில் அதிகமாக வந்து உட்கார்ந்தார்கள். நாடகம் பார்ப்பதால் ஈரலுக்கு ஒன்றும் ஆகாது. இங்கே விஷயம் வேறு.

எனக்குத் தெரிந்த மாம்பலம் தம்பதி. அவர் ரிட்டயர்டு பேங்க் ஆபீஸர். நியூஜெர்சியில் இருக்கும் மகன் கரீபியன் பயணம் புக் பண்ணிக்கொடுத்தான். அப்பாவுக்கு மாலையில் ஒன்றிரண்டு பீர் பழக்கம் உண்டு என்று பேக்கேஜும் சேர்க்கப் பார்த்தான். அங்கேதான் விதி குறுக்கே வந்தது. ஒரே அறையில் தங்கும் பெரியவர்களில் ஒருவர் பேக்கேஜ் வாங்கினால் மற்றவரும் வாங்கியே தீரணும்.

"என்னங்க, நான் குடிக்கப்போறது ரெண்டு வேளை காபி. அதுக்கு எதுக்கு தினம் எண்பது டாலர்?" என்று அந்த அம்மா கேட்டார்.

"ரூல்ஸ் அப்படி இருக்கு. நான் என்ன பண்ண?"

"நீங்க குடிக்கிறதுக்கு நான் டிக்கெட் வாங்கணுமா? நல்லா இருக்கே!"

பேக்கேஜ் வேண்டாம் என்று முடிவாயிற்று. அவர் தேவைப்பட்டபோது ஒரு பீருக்குக் காசு கொடுத்து, பில்லில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாகப் போய்வந்தார். கம்பெனியின் பயமும் புரிகிறது. ஒரு பேக்கேஜை வைத்து ரெண்டு பேரும் குடித்துவிட்டால் என்ன செய்வது? ஆனால் அந்த அம்மா கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்கே அச்சாணி. அதைக் கையில் பிடித்துக்கொண்டு அசல் சொகுசுக் கப்பலுக்குப் போவோம்.

சில்வர்ஸீ, ஸீபோர்ன், ரீஜென்ட் செவன் ஸீஸ். இவைதான் அந்த உலகத்தின் பெரிய பெயர்கள். சில நூறு பயணிகள்தான். அறைக்குள் நுழையும்போதே ஷாம்பெய்ன் காத்திருக்கும். நீங்கள் எந்தப் பாரில் உட்கார்ந்து எதைக் கேட்டாலும் பில் வராது, கையெழுத்து கிடையாது, டிப்ஸ் கிடையாது. 1994-ல் தொடங்கிய சில்வர்ஸீ ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான். கிரிஸ்டல் கம்பெனி 2012-ல் இந்த வழிக்கு வந்தது.

இதில் உண்மையான சுகம் ஒன்று இருக்கிறது, மறுக்கவில்லை. நாலு பேர் கூடியிருக்கும் மேஜையில் பில் வரும்போது ஒரு சங்கடம் வருமே, யார் எடுப்பது, யார் பர்ஸைத் தடவிக்கொண்டே இருப்பது என்று, அது இங்கே கிடையாது. நேற்று அறிமுகமானவரோடு தயங்காமல் உட்காரலாம். பாதி குடித்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் வைத்துவிடலாம், ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். தினக்கணக்கு தனியாகத் தெரியாததால் 43 கிளாஸ் கணக்கும் மண்டையைக் குடையாது. பேக்கேஜ் கப்பலில் இருக்கிற வெறி இங்கே குறைவு என்றுதான் தோன்றுகிறது.

ஆனால் இந்த மூன்று கப்பல்களும் யாருடையவை தெரியுமா? ஸீபோர்ன் கார்னிவல் குடும்பம். சில்வர்ஸீயை ராயல் கரீபியன் 2018-ல் பெரும்பங்கு வாங்கி, 2020-ல் முழுசாக எடுத்துக்கொண்டது. ரீஜென்ட் நார்வீஜியன் வீட்டுப் பிள்ளை. கீழ்த் தளத்தில் கிளாஸுக்குக் கிளாஸ் காசு வாங்குகிற அதே முதலாளிகள்தான் மேல்மாடியில் 'காசா? சேச்சே!' என்கிறார்கள். விவரம் தெரியாமல் செய்வார்களா?

சரக்கு அவர்களுக்கு என்ன விலை ஆகும்? ஒரு விஸ்கி பாட்டில் 20 டாலர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 750 மில்லியில் 44 மில்லி வீதம் ஊற்றினால் 17 கிளாஸ். ஒரு கிளாஸின் அடக்க விலை ஒண்ணேகால் டாலரைத் தொடாது. கடலில் ஊற்றுகிற சரக்குக்குப் பெரும்பாலும் கலால் வரியும் இல்லை. டிக்கெட்டோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 600, 800 டாலர் என்பது சர்வசாதாரணம். கப்பலில் கொடுக்கக்கூடிய பொருட்களிலேயே செலவு குறைச்சலாகவும் கண்ணுக்குப் பெரிசாகவும் தெரிவது மதுதான். ஐம்பது சதுர அடி கூடுதல் அறை கொடுப்பதற்கு நாலு கிளாஸ் ஷாம்பெய்ன் எவ்வளவோ லாபம். புத்தகத்தின் பக்கத்துக்குப் பக்கம் கிளாஸ் ஏன் வருகிறது என்று இப்போது புரிகிறதா?

சரி, மாம்பலத்து அம்மா இந்தக் கப்பலில் ஏறினால்? அவர் கேள்வி கேட்கவே முடியாது. அதுதான் வித்தியாசம். பேக்கேஜ் கப்பலில் 'எண்பது டாலர்' என்று எழுதியிருந்தது, சண்டை போட முடிந்தது. இங்கே எழுதியே இல்லை. குடிக்காதவரும், மருந்து சாப்பிடுவதால் குடிக்கக்கூடாதவரும், மத நம்பிக்கையால் தொடாதவரும் பக்கத்து மேஜை விஸ்கிக்கு மொய் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எவ்வளவு மொய் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. சாப்பாடும் அப்படித்தானே, கொஞ்சம் சாப்பிடுகிறவர் நிறைய சாப்பிடுகிறவருக்குக் கொடுக்கிறாரே என்பீர்கள். சாப்பாட்டை மொத்தமாகவே தொடாத பயணி கிடையாதே, சார்!

கழித்துக் கொடுக்கத் தெரியாதவர்களும் இல்லை இவர்கள். விமான டிக்கெட் நானே எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னால் ரீஜென்டும் சில்வர்ஸீயும் கட்டணத்தைக் குறைப்பார்கள். 'எனக்கு மது வேண்டாம்' என்று சொன்னால் மட்டும், புன்னகையோடு எலுமிச்சை ஜூஸ் வரும். எனக்கு இதில்தான் கோபம். குடிக்காதவருக்கு ஒரு கையில் வேறு நிறப் பட்டையைக் கட்டிவிடுவது பெரிய தொழில்நுட்பமா? ஆனால் பட்டை கட்டினால் கணக்கு வந்துவிடும். கணக்கு வந்தால் 'கணக்கே இல்லாத உலகம்' என்ற மாயம் கலைந்துவிடும். அதற்குத்தான் அவர்கள் பயப்படுகிறார்கள், பணத்துக்காகக்கூட இல்லை.

அந்தக் கணக்கில்லா உலகத்தில் கிளாஸை நிரப்புகிறவர் ஒருவர் இருக்கிறாரே, பிலிப்பைன்ஸிலிருந்தோ கோவாவிலிருந்தோ வந்தவர், அவருக்கு எல்லாமே கணக்குதான். 2013-ல் நடைமுறைக்கு வந்த கடல் தொழிலாளர் உடன்படிக்கைப்படி 24 மணி நேரத்தில் குறைந்தபட்சம் பத்து மணி நேர ஓய்வு. கணக்கைத் திருப்பிப் போட்டால் பதினாலு மணி நேரம் வேலை வாங்கலாம் என்று அர்த்தம். பாதுகாப்புப் பொறுப்பு இருக்கும் ஊழியர்களுக்கு ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது 2010-ல் மணிலாவில் திருத்திய சர்வதேச விதி. நியாயமான விதிதான். நள்ளிரவில் தீப்பிடித்தால் பதினைந்து கிளாஸ் ஆசாமியைத் தூக்கிப் படகில் ஏற்ற யாராவது நிதானமாக இருக்கணுமே.

என்னைக் கேட்டால் வைக்கிங் கம்பெனியின் வழி கொஞ்சம் மேல். மதியச் சாப்பாட்டோடும் ராத்திரிச் சாப்பாட்டோடும் ஒயின், பீர் சேர்த்தி. மற்ற நேரத்தில் வேண்டுமென்றால் காசு கொடு. அங்கேயும் குடிக்காதவருக்குக் கழிவு கிடையாது என்றாலும், மொய்யின் அளவாவது சின்னது. விருந்துக்கு அழைத்த வீட்டில் ஊற்றிக் கொடுக்கிற மாதிரி இருக்கிறது, திறந்துவிட்ட குழாய் மாதிரி இல்லை.

இதையெல்லாம் படித்த பிறகும் போகத்தான் போகிறேன் என்கிறவர்கள் தாராளமாகப் போய்வாருங்கள். பணம் கட்டும் முன்னால் அந்த விளம்பரப் புத்தகத்தில் 'தேர்ந்தெடுக்கப்பட்ட பானங்கள்' என்று எங்கேயாவது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அபூர்வ ஒயினும் வயசான விஸ்கியும் அந்தத் தேர்வில் பாஸாகவில்லை, அவற்றுக்குத் தனி விலைப்பட்டியல் உண்டு. கடைசிப் பக்கத்தில் இருக்கும். படிக்கிற கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள்.