கடைசிக் காட்சியில் யாருக்கு மன்னிப்பு?

பதின்பருவத்தினரின் துயரத்தை வைத்து ஒரு படம் சிரிக்கும்போது, அந்தச் சிரிப்பில் தோற்பது யார் என்று பார்க்க வேண்டும். தோற்பது அந்தப் பிள்ளைதான் என்றால் அது வெறும் கேலி. பிள்ளையை அந்த நிலைக்குத் தள்ளிய வீடும் ஊரும் பள்ளியும் தோற்றால்தான் அதற்கு அவல நகைச்சுவை என்று பெயர். தமிழில் கடந்த பதினைந்து ஆண்டுகளாக ‘பிளாக் காமெடி’ என்ற முத்திரை தாராளமாகக் குத்தப்படுகிறது. நலன் குமரசாமியின் ‘சூது கவ்வும்’ (2013) ஆள் கடத்தலையும், மடோன் அஸ்வினின் ‘மண்டேலா’ (2021) சாதியையும் தேர்தலையும் தயங்காமல் கேலிக்கு எடுத்துக்கொண்டன. ஆனால் படிக்கிற வயதுப் பிள்ளை கதைக்குள் வந்ததும் நம் இயக்குநர்களுக்குக் கை நடுங்கிவிடுகிறது. காதலுக்கு விழும் அரிவாள், படிப்பை முறிக்கும் கல்யாணம், கையெட்டும் தூரத்தில் இருக்கும் பூச்சிமருந்து எல்லாமே படங்களுக்குள் வரத்தான் செய்கின்றன. வந்து சிரிக்க வைத்துவிட்டு, கடைசிக் காட்சியில் பெரியவர்களுக்கு மன்னிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகின்றன.

காவிரிப் பாசனப் பகுதியிலிருந்தே தொடங்கலாம். ஏ. சற்குணத்தின் ‘களவாணி’ (2010) தஞ்சை வட்டாரத்து வயலையும் வாய்க்காலையும் பேச்சையும் ஒப்பனையில்லாமல் திரைக்குக் கொண்டுவந்த படம். துபாயிலிருந்து அப்பா அனுப்பும் பணத்தில் ஊர் சுற்றும் அறிவழகன், பகை ஊரைச் சேர்ந்த மாணவி மகேஸ்வரியைக் காதலிக்கிறான். வழியில் போகிற பெண்களை மறித்து, தன்னைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லச் சொல்லி மிரட்டுவது அவன் வாடிக்கை. வயல்வெளிச் சாலையில் தனியாகப் படிக்கப் போகும் பெண்ணுக்கு அது அன்றாடப் பயம். அரங்கில் அது கைதட்டல். அதே படத்தில், கஞ்சா கருப்பு நடித்த பஞ்சாயத்து என்பவர் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டதாகப் பையன்கள் புரளி கிளப்ப, ஊரே பதறுகிறது; அவர் சொல்வது யார் காதிலும் ஏறுவதில்லை. காட்சி இவ்வளவு கச்சிதமாக எடுபடுவதற்கு நடிப்பு மட்டும் காரணமில்லை. ‘மருந்து குடிச்சிட்டான்’ என்று ஒரு குரல் கேட்டால் என்ன செய்வது என்று டெல்டா கிராமத்தில் யாரும் யோசித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். ஓர் ஊருக்கு இது ஏன் இவ்வளவு பழகிப்போனது என்ற கேள்வி அந்தச் சிரிப்புக்குள்ளேயே கிடக்கிறது. படம் அதைக் குனிந்து எடுக்காமல் தாண்டிப் போகிறது.

பொன்ராமின் ‘வருத்தப்படாத வாலிபர் சங்கம்’ (2013) இன்னும் ஓரடி நெருங்கி வந்தது. பள்ளி மாணவியான மகள் காதலித்து ஓடியதால் சிவனாண்டி (சத்யராஜ்) அவளைச் சுட்டுக் கொன்றுவிட்டார் என்ற ஊர்ப்பேச்சோடு கதை தொடங்குகிறது. உண்மையில் மகளை அனுப்பி வைத்தவரே அவர்தான். மானம் போகாமலிருக்கக் கொலைப்பழியைத் தானே சுமந்துகொள்கிறார். மகளைக் கொன்றவன் என்ற பெயர் கௌரவம், வாழவிட்டவன் என்ற பெயர் அவமானம் என்று கருதும் ஊரை இதைவிடக் கூர்மையாகப் பழிக்க முடியாது. ஆனால் படம் அந்த ஊரை விட்டுவிட்டு, சத்யராஜின் மீசைக்குள் ஒளிந்திருக்கும் பாசத்தில் நம்மை நெகிழவைக்கிறது. ஊர் தன் எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதே இல்லாமல் போகிறது. சாதி மாறி மணந்த தருமபுரி இளவரசனின் உடல் தண்டவாளத்தருகே கிடந்தது அந்த ஆண்டு ஜூலையில்; படம் வந்தது செப்டம்பரில். 2024 ஜனவரியில் தஞ்சை மாவட்டம் பட்டுக்கோட்டை வட்டாரத்தில், சாதி மாறி மணம் முடித்த 19 வயதுப் பெண் கொல்லப்பட்ட வழக்கில் பெற்றோரே கைதானார்கள். கொலை வெறும் புரளிதான் என்று முடிகிற கதை, இந்தச் செய்திகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் ஆறுதல் மருந்தாகிவிடுகிறது.

ஆறுதல் சொல்ல மறுத்தவர் தியாகராஜன் குமாரராஜா. ‘ஆரண்ய காண்டம்’ (2011) படத்தில் சேவல் சண்டைக்கு வந்து எல்லாவற்றையும் தொலைக்கிற குடிகார அப்பனைச் சிறுவன் கொடுக்காப்புளிதான் கட்டி மேய்க்கிறான். அப்பாவைப் பிடிக்குமா என்று கேட்டால், அப்படியெல்லாம் இல்லை, ஆனாலும் அப்பா என்கிற பொருளில் பதில் சொல்கிறான். சிரிப்பு வருகிறது, குடும்பப் பாசம் பற்றி நம் சினிமா கட்டிவைத்த கோட்டையில் ஒரு செங்கல்லும் உருவப்படுகிறது. ‘சூப்பர் டீலக்ஸ்’ (2019) இன்னும் தூரம் போகிறது. பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு ஆபாசப் படம் பார்க்க உட்காரும் பையன்களில் ஒருவன், திரையில் தன் அம்மாவையே பார்த்துவிடுகிறான். அவளைக் கொல்ல ஸ்குரூடிரைவரோடு வீட்டுக்கு ஓடுகிறவன் தடுக்கி விழ, அது அவன் வயிற்றிலேயே பாய்கிறது. அப்பன் அற்புதமோ, மருத்துவத்தைவிட ஜெபத்தையே நம்புகிறான். பார்த்தவனிடம் யாரும் கேட்காத ஒழுக்கக் கணக்கை நடித்தவளிடம் மட்டும் கேட்கும் புத்தி அந்தப் பையனுக்கு எங்கிருந்து வந்தது? அவன் கையில் ஆயுதமானது எந்த வீட்டிலும் கிடக்கும் ஒரு கருவி. அந்த ஆத்திரமும் பெரியவர்கள் வீட்டில் போட்டு வைத்திருந்ததுதான். இங்கே தோற்பது பெரியவர்களின் நிச்சயம்.

இதெல்லாம் மேல்நாட்டு ருசி, நம் மண்ணுக்கு ஒட்டாது என்பார்கள். தஞ்சையை 1684 முதல் ஆண்ட மராட்டிய மன்னர் சாகஜி தெலுங்கில் எழுதிய ‘சதிதான சூரமு’ நாடகத்தைப் பார்க்கட்டும். மன்னார்குடி கோயில் திருவிழாவுக்கு வரும் பிராமண குரு, தீண்டாமைக்குள்ளான சாதிப் பெண் மீது மோகம் கொண்டு கூசாமல் நிற்கிறார்; தருமம் பேச வேண்டிய குருவுக்குச் சீடன் தருமம் சொல்ல வேண்டியதாகிறது. பெரியவரின் மானத்தை இளையவர் முன்னால் கப்பலேற்றும் துணிச்சல் டெல்டா அரண்மனைக்கே இருந்தது. மறுபக்கம், மேல்நாட்டிலும் கை நடுங்காமல் இல்லை. மைக்கேல் லேமனின் ‘ஹெதர்ஸ்’ (1989) பள்ளிக் கொலைகள் தற்கொலைகளாக ஜோடிக்கப்பட, ஆசிரியர்களும் பெற்றோரும் அந்தச் சாவுகளைத் தங்கள் பெருமைக்குப் பயன்படுத்திக்கொள்வதைக் கிழித்த படம். பள்ளியே வெடித்துச் சிதறுவதாகத் திரைக்கதையாசிரியர் டேனியல் வாட்டர்ஸ் முதலில் எழுதிய முடிவைத் தயாரிப்பு நிறுவனம் ஏற்கவில்லை. மன்னிப்பு கேட்டு நிற்கும் கடைசிக் காட்சி தமிழுக்கு மட்டும் உரிய வியாதி இல்லை.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டனர். தற்கொலைகளைத் தடுக்க ஆறு பூச்சிக்கொல்லிகளைத் தமிழ்நாடு அரசு தற்காலிகமாகத் தடைசெய்ய வேண்டியிருந்தது. இந்த நிலையில் சிரிப்பென்ன வேண்டிக் கிடக்கிறது, பார்க்கிற பிள்ளை அதையே செய்துவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. வழிமுறையை விவரித்துக் காட்டுவதும், சாவைப் பழிவாங்கும் வெற்றியாகக் காட்டுவதும் ஆபத்துதான். அவற்றைத் தவிர்க்க வேண்டும். ஆனால் கண்ணீர்ப் படங்கள் அந்த ஆபத்தை அதிகமாகவே விளைவிக்கின்றன: இறந்த பிள்ளையைத் தெய்வமாக்கி, அழுத பெற்றோரைத் தூய்மையாக்கிவிடுகின்றன. மதிப்பெண் பட்டியலையும் உறவினர் வாயையும் பள்ளி வாசலில் தொங்கும் ‘நூறு சதவீதத் தேர்ச்சி’ பேனரையும் சிரிப்புக்கு இலக்காக்கும் படம், சாவுக்கு மவுசு சேர்க்காது. சாவுக்கு முன்னால் நடந்ததற்கெல்லாம் அது கணக்குக் கேட்கும்.

கணக்குக் கேட்கும் உரிமையும் இதுவரை பையன்களுக்கே. வர்ஷா பரத்தின் ‘பேட் கேர்ள்’ (2025) அவல நகைச்சுவை வகையைச் சேர்ந்ததில்லை. ஒரு பெண் தன் பதின்வயது ஆசையைத் தானே சொல்கிறாள், அவ்வளவுதான். அதன் முன்னோட்டத்துக்கே எதிர்ப்புக் கிளம்பியது. ‘சூப்பர் டீலக்ஸ்’ காட்டும் வயதுப் பையன்களாலோ, ‘ஏ’ சான்றிதழ் காரணமாக அதைத் தியேட்டரில் பார்க்க முடியாது. பதினாறு வயதுக்கு மேற்பட்டோருக்கென யுஏ 16+ என்ற புதிய தணிக்கைப் பிரிவு இப்போது வந்திருப்பதால், தணிக்கையைக் காரணம் காட்டும் சாக்கும் போய்விட்டது. இனி வேண்டியது, வயல் சாலையில் மறிக்கப்பட்ட மகேஸ்வரியின் பக்கம் நின்று ‘களவாணி’யின் கதையைச் சொல்லும் ஒரு படம். அதில் சிரிப்புக்குக் குறைவிருக்காது: இரண்டு ஊர்களும் பகை மறந்து கல்யாணத்துக்கு ஒன்றுகூடி, அவளிடம் சம்மதம் கேட்க மறந்தாலே போதும். கடைசிக் காட்சியில் யாரை மன்னிப்பது என்பதை அவளே முடிவு செய்யட்டும்.