மதுச்சாலையும் மனச்சாட்சியும்

ஜோர்ஜிய நாட்டின் கிழக்கே ககேத்தி என்னும் திராட்சை மாநிலம் இருக்கிறது. தலைநகரான திபிலிசியிலிருந்து வார இறுதியிற் புறப்படுவோர் சில மணி நேரத்தில் அலசானி ஆற்றுச் சமவெளியை அடைந்துவிடுவர். அங்கே குடும்பங்கள் நடத்தும் சிறு மதுச்சாலைகள் பல உள. 'மரானி' என்பது அவற்றின் பெயர். நிலத்திற் புதைத்த பெருஞ்சாடியிலிருந்து முகந்து தரும் மதுவைச் சுவைத்து, ரொட்டியும் பாற்கட்டியும் உண்டு, நிழற்படங்களோடு திரும்புவோர் தம் அனுபவங்களைக் கட்டுரைகளாக எழுதிக் குவிக்கின்றனர். மதுவின் நிறம், மணம், வீட்டுக்காரரின் விருந்தோம்பல், மலையின் அழகு என யாவும் அவற்றில் உண்டு. ஒன்று மட்டும் இல்லை. அம்மதுவை ஆக்கிய மனிதன் எங்கே?

எண்ணாயிரம் ஆண்டுப் பாரம்பரியம் என்று இக்கட்டுரைகள் பெருமை பேசுவது பொய்யன்று. கி.மு. 6000-ஐ ஒட்டிய மட்பாண்டச் சிதறல்களில் திராட்சை மதுவின் தடயங்கள் கண்டறியப்பட்டதை 2017-இல் ஆய்வாளர் வெளியிட்டனர். 'குவெவ்ரி' என்னும் புதைசாடியில் மது ஆக்கும் முறையை யுனெஸ்கோ 2013-இல் மானிடத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பதிவு செய்தது. ஆனால் பாரம்பரியம் தானாக நடந்து வருவதில்லை. அதனை ஒவ்வோர் ஆண்டும் யாரோ தம் முதுகிற் சுமக்க வேண்டியிருக்கிறது.

குயவன் களிமண்ணைத் திரித்து வளையம் வளையமாக ஏற்றுகிறான். நாளொன்றுக்குச் சில அங்குலமே உயர்த்தலாம். அவசரப்பட்டாற் சுவர் சரியும். ஆளுயரத்திற்கு மேற்பட்ட சாடி ஒன்று உருவாக வாரக்கணக்காகும். பின்னர் அதனைச் சூளையிற் சுட்டு, உட்புறம் தேன்மெழுகு பூசி, கழுத்தளவு மண்ணிற் புதைக்கின்றனர். இலையுதிர் காலத்தில் மிதித்த பழத்தின் சாறும் தோலும் விதையும் அதனுள் இறங்கும். நுரைத்துப் பொங்கும் நாட்களில் இரவு பகல் பாராது கிளறிவிட வேண்டும். பொங்கி அடங்கியதும் வாயை மூடினால், வசந்தத்திலேயே திறப்பர். மது ஒழிந்த சாடிக்குள் மனிதன் இறங்கி, சேரிமரப் பட்டையாலான தூரிகையால் தேய்த்துக் கழுவுகிறான். புளிக்கும்போது எழும் கரியமில வாயு காற்றிலும் கனமானது. அடியிலே தங்கி ஆளைக் கொல்ல வல்லது. சுவைக் கிண்ணத்தை உயர்த்தும் விருந்தாளியின் கண்ணுக்கு இவை எவையும் புலப்படுவதில்லை.

இங்குதான் ஒரு கலைப்படைப்பை நாம் நினைவுகூர வேண்டும். திபிலிசியிற் பிறந்த ஒட்டார் இயோசெலியானி 1966-இல் இயக்கிய 'ஜியோர்கோபிஸ்த்வே' என்னும் திரைப்படமே அது. ஆங்கிலத்தில் 'உதிரும் இலைகள்' எனப் பெயர் பெற்றது. இயோசெலியானி உக்ரேனிய மேதை தொவ்ஷெங்கோவிடம் பயின்றவர். தம் முதற் படங்களுள் ஒன்று வெளியிட அனுமதி பெறாதபோது உருக்காலையிற் சென்று வேலை செய்தவர், 2023-இற் காலமானார்.

படம் கிராமத்து அறுவடையோடு தொடங்குகிறது. விளக்கவுரை இல்லை. கொய்யும் கைகளையும் மிதிக்கும் கால்களையும் சாடி கழுவும் உழைப்பையும் காண்கிறோம். விருந்து அதன் பின்னரே வருகிறது. இவ்வொழுங்கே ஒரு கொள்கைப் பிரகடனம் எனலாம். பயணக் கட்டுரையாளன் விருந்திலே தொடங்கி விருந்திலே முடிக்கிறான். இயோசெலியானியோ உழைப்பின் வாயிலால் மட்டுமே நம்மை விருந்துக்கு அனுமதிக்கிறார்.

அடுத்து நகரத்து அரச மதுச்சாலை. நிக்கோ என்னும் கூச்ச சுபாவமுள்ள இளைஞன் தொழில்நுட்பவியலாளனாகச் சேர்கிறான். நாற்பத்தொன்பதாம் பீப்பாயிலுள்ள மது இன்னும் பக்குவப்படவில்லை. எனினும் திட்ட இலக்கை எட்டியாக வேண்டும். போத்தலில் அடைத்துவிடு என்று மேலிடம் கட்டளையிடுகிறது. கூட இருப்போர்க்கு உண்மை தெரியும்; தெரிந்தும் இணங்குகின்றனர். நிக்கோ இணங்க மறுத்து, பீப்பாயில் ஜெலற்றீனைக் கொட்டி அடைக்கும் வேலையைத் தடுத்துவிடுகிறான். இவ்வளவே கதை. வீராவேசப் பேச்சு இல்லை; கொடி இல்லை. 1968-ஆம் ஆண்டு கான் விழாவில் உலகத் திரைப்பட விமரிசகர் சங்கத்தின் பரிசு இதற்குக் கிடைத்தது.

இது சோஷலிசத்தைப் பழிக்கும் படம் என்று கூறுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. உழைப்பின் பயனை நுகர்வோனும் உழைப்பாளியே. அவனுக்குக் கெட்ட மதுவை நல்லதென்று கொடுப்பது ஓர் உழைப்பாளி மற்றோர் உழைப்பாளியை ஏமாற்றும்படி செய்வதாகும். எண்ணிக்கைக்காகப் பண்பைப் பலியிடும் அதிகாரி எந்தக் கொடியின் கீழ் அமர்ந்திருந்தாலும் மக்கள் பக்கம் நிற்பவனல்லன். நிக்கோ காப்பது மதுவை அன்று. தன் கைத்தொழிலின் மானத்தை.

எனினும் படத்தின் குறையையும் நாம் மறைக்கலாகாது. கிராமம் தூயது, நகரம் கறைபட்டது என்னும் எளிய பிரிவினைக்கு அது இடந்தருகிறது. அக்கிராமத்தின் நினைவிலோ பண்ணையடிமை முறையும் உண்டு. திபிலிசி மாகாணத்தில் அம்முறை 1864-இலேயே சட்டப்படி ஒழிந்தது. அதற்கு முன் எத்தனையோ தலைமுறை பிரபுக்களின் சாடிகளை அடிமைகளே நிரப்பினர். மரபை வணங்கும் கலைஞன் அம்மரபின் கணக்கேட்டையும் புரட்ட வேண்டும்.

இன்று திட்ட இலக்கின் இடத்தைச் சந்தை பிடித்துள்ளது. 2006-இல் ருஷ்யா ஜோர்ஜிய மதுவைத் தடை செய்தபோது, 2013 வரை அப்பெருஞ் சந்தை அடைபட்டுக் கிடந்தது. புதிய நாடுகளையும் புதிய சுவைஞரையும் தேடவேண்டிய நிலை உண்டாயிற்று. புதைசாடி மதுவின் புகழும் பரவியது. விருந்தாளிகளின் வருகை சிறு மதுச்சாலைகள் பலவற்றுக்கு வாழ்வளித்திருப்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் 'பாரம்பரியம்' என்ற சொல்லே விலைச்சீட்டாகும்போது, நாற்பத்தொன்பதாம் பீப்பாய் வேறோர் உருவில் திரும்பி வரும். அன்று அதனைத் தடுக்க எத்தனை நிக்கோக்கள் இருப்பர்?

இக்கேள்வி நமக்கு அந்நியமானதன்று. காலிலே தளநாரும் இடையிலே பாளைக் கத்தியுமாக விடியுமுன் பனையேறும் சீவல் தொழிலாளியை நாம் எவ்வாறு பார்த்தோம்? அவன் இறக்கிய கள்ளை விரும்பினோம். அவனை முற்றத்துக்கு அப்பால் நிறுத்தினோம். பனையைப் பாடிய நம் புலவர் பலர் பனையேறியைப் பாட மறந்தனர். அவனைக் கதைமாந்தனாக்கக் கே. டானியல் போன்ற எழுத்தாளர் வரவேண்டியிருந்தது. ககேத்தியின் விருந்தாளியைக் குறைகூறும் தகுதி, நம் பார்வையைத் திருத்திக்கொண்ட அளவுக்கே நமக்கு உண்டு.

ஆசிரியரும் மாணவரும் ஒரு பயண நூலையோ படத்தையோ மதிப்பிடும்போது அழகை ஒதுக்க வேண்டியதில்லை. அழகு யாருடைய உழைப்பில் விளைந்தது, அவ்வுழைப்பாளியின் கையும் பெயரும் குரலும் படைப்பில் எங்கே உள்ளன என்று கேட்க வேண்டும். இக்கேள்விக்கு விடைதரும் படைப்பையே நாம் யதார்த்தப் படைப்பு என்போம்.